கோடிங் தெரியாம, கைக்காசு போட்டு சாஃப்ட்வேர் பிசினஸ்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் பி.காம். திருப்பூர்ல ஒரு கார்மென்ட்ஸ்ல ஒம்போது வருசம் அக்கவுண்ட்ஸ் பாத்தவ. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டுக்கு வேலைக்கு அனுப்புற சரக்கோட டெலிவரி சலான் (டிசி) கணக்கு பாக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர வச்சு இப்ப பொழப்பு ஓடுது, பேங்க் லோன் இல்ல, வெளி ஆளு பணம் இல்ல. சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்க, அவங்க பசங்கன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது ஃபோன் பண்ணி கேக்கறாங்க, கேக்கறதும் ஒரே கேள்விங்கதான், அதான் உக்காந்து ஒரே எடத்துல எழுதிட்டேன்.

கோடிங் சுத்தமா தெரியாது. சாஃப்ட்வேர் கம்பெனி நடத்த முடியுமா?

முடியும்ங்க. நீங்க தினம் வவுச்சர் போடுற டேலியவே எடுத்துக்கங்க. 1986ல பெங்களூர்ல ஷியாம் சுந்தர் கோயங்கான்னு ஒருத்தர், மில்லுங்களுக்கு மூலப்பொருளும் மெஷின் பார்ட்ஸும் சப்ளை பண்ணிட்டு இருந்தவரு, தன் கணக்குக்கு ஒழுங்கான சாஃப்ட்வேர் கெடைக்கலன்னு மகன் பரத் கோயங்காவ எழுதச் சொன்னாரு. எழுதுனது மகன், என்ன வேணும்னு தெரிஞ்சிருந்தது அப்பாவுக்கு. ஷேர் வாங்கி விக்கற புரோக்கர் கம்பெனி ஜெரோதாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிதின் காமத் ட்ரேடிங் பண்ணிட்டு இருந்தவரு, 2010ல ஆரம்பிச்சாங்க, வெளி முதலீடு வாங்கல, மொதல் சில வருசம் அடுத்தவங்க செஞ்ச ட்ரேடிங் சாஃப்ட்வேர வச்சே ஓட்டுனாங்க. டெக்னிக்கல் வேலைய பாக்கற கைலாஷ் நாத் 2013ல வந்தப்பறம்தான் சொந்தமா கட்ட ஆரம்பிச்சது, அவங்க சொந்த ட்ரேடிங் சாஃப்ட்வேர் கைட் வந்தது 2015ல.

ஆக கோடு எழுதறத இன்னொருத்தர் கைல குடுக்கலாம். எத குடுக்கக் கூடாதுன்னு தெரியாமத்தான் நான் காச வுட்டேன், அது கீழ வருது.

என்ன சாஃப்ட்வேர் பண்ணணும்னு எப்படி கண்டுபுடிச்சீங்க?

கண்டுபுடிக்கலாம் இல்ல, அதுக்குள்ளயே இருந்தேன். திருப்பூர் தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு டி-ஷர்ட் ஒரே கட்டடத்துல உருவாகறது இல்ல. நூல் நிட்டிங்குக்கு போகும், துணி சாயப்பட்டறைக்கு போகும், அப்பறம் காம்பாக்டிங் (துணி சுருங்காம அமுக்கறது), கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங்ன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடம், ஒவ்வொரு ஓனர். ஒவ்வொரு தடவ சரக்கு நகரும்போதும் ஒரு டெலிவரி சலான், அதான் டிசி. கார்பன் வச்சு எழுதுன புக்கு.

சனிக்கெழம சாயங்காலம் ஏழு மணிக்கு பவர் டேபிள் கான்ட்ராக்டர் வந்து நிப்பாரு, அவரு ஆளுங்களுக்கு வாரக்கூலி குடுக்கணும். நாங்க குடுத்தது 1,200 பீஸ். திரும்பி வந்தது மொதல் டிசில 640, ரெண்டாவதுல 524. கூட்டிப் பாத்தா 1,164. மீதி 36 பீஸ் எங்க? அவரு "உங்க கட்டிங்லயே கொறைவுங்க"ன்னுவாரு, கட்டிங் மாஸ்டர் "எண்ணித்தான் கட்டினேன்"ன்னுவாரு, நான் மூணு டிசி புக்க தொறந்து வச்சுட்டு கார்பன் மங்கிப்போன எழுத்துல அது ஆறா எட்டான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு இருப்பேன், வெளிய அவரோட ஆளுங்க பதினஞ்சு பேரு கூலிக்கு காத்துட்டு நிப்பாங்க. ஒம்போது வருச சனிக்கெழம இப்படித்தான் போச்சு.

2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்தப்பறம் இது இன்னும் இறுகிடுச்சு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்புன சரக்கு ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வரணும், வரலன்னா அனுப்புன அன்னைக்கே வித்ததா எடுத்துக்குவாங்க. அதுக்கு ஐடிசி-04ன்னு ஒரு ஃபார்ம் வேற. அதுவரைக்கும் துண்டுச் சீட்டுல ஓட்டிட்டு இருந்தவங்களுக்கு எல்லாம் வயித்துல புளி கரைக்க ஆரம்பிச்சுது. அங்கதான் எனக்கு தோணுச்சு.

உங்களுக்கு இந்த மாதிரி ஒம்போது வருசம் இல்லன்னா பரவால்ல, ஆனா யாரோட சனிக்கெழமையாவது தெரிஞ்சிருக்கணும். மாமா அரிசி மண்டி வச்சிருந்தா ஒரு மாசம் கல்லாக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க. யூட்யூப் பாத்து ஐடியா எடுத்தவங்க எங்கிட்ட நெறய பேரு வந்தாங்க, அதுல பாதிப்பேரு டு-டு லிஸ்ட் ஆப், மீதி ஃபுட் டெலிவரி.

கோடு இல்லாம மொதல்ல என்னதான் வித்தீங்க?

என்னையத்தான் வித்தேன். 2018 கடைசில தெரிஞ்ச மூணு யூனிட்டுக்கு மாசம் 500 ரூபான்னு பேசிட்டேன். தினம் சாயங்காலம் அவங்க டிசிய ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல போடுவாங்க, நான் பையன தூங்க வச்சுட்டு கூகுள் ஷீட்ல ஏத்தி, ஒம்போதரைக்கு பாக்கி லிஸ்ட் ஒண்ணு அனுப்புவேன். அந்தப் பக்கம் சாஃப்ட்வேர் இருக்கா, நைட்டி போட்ட ஒரு அம்மா இருக்காளான்னு அவங்களுக்கு தெரியாது, கவலையும் இல்ல.

ஏழு மாசம் இப்படி ஓட்டுனதுல ஒண்ணு புரிஞ்சுது. நான் கலர் கலரா சார்ட் எல்லாம் போட்டு அனுப்புனேன், ஒருத்தரும் தொறந்து பாக்கல. அவங்க பாத்தது ஒரே ஒரு வரி: யாரு கைல, எத்தன பீஸ், எத்தன நாளா நிக்குது. அவ்ளோதான். இதத் தெரிஞ்சுக்காம மொதல்லயே சாஃப்ட்வேர் கட்டியிருந்தா முப்பது ஸ்க்ரீன் கட்டியிருப்பேன்.

ஒம்போது யூனிட் ஆனப்ப கண்ணு போயிடுச்சு. அப்பறம் ஷீட்டுக்கு மேல ஆப்ஷீட்ல ஸ்க்ரீன் போட்டேன், அது கோடு தெரியாதவங்களுக்கானதுதான், நாலு ஞாயித்துக்கெழமல கத்துக்கிட்டேன். ஆனா அதுல யூசருக்கு இவ்ளோன்னு காசு. ஒரு யூனிட்ல ஆறு பேரு தொடறாங்கன்னா நான் வாங்கறத விட அதுக்கு கட்டறது கூட வருது. அப்பத்தான் சொந்தமா கட்டணும்னு முடிவு பண்ணேன், பண்ணி நல்லா சூடு பட்டேன்.

என்ன ஆச்சு? டெவலப்பர் ஏமாத்திட்டாரா?

ஏமாத்துனாருன்னு சொல்ல மாட்டேன், நான் ஏமாந்தேன். ஆள் பேரு ஊர் பேரு வேண்டாம். ஃப்ரீலான்சர், ஒரு சொந்தக்காரர் சொல்லி வந்தவரு. மொத்தம் 1,40,000 ரூபா பேச்சு, பாதி அட்வான்ஸ், பாதி டெமோ காட்டுனதும் குடுத்துட்டேன். டொமைன், அதான் சைட்டோட பேரு, அவரு ஈமெயில்ல. சர்வர் அவரு கார்டுல. கோடு அவரு லேப்டாப்ல. எங்கிட்ட இருந்தது லாகின் பாஸ்வேர்ட் ஒண்ணுதான், அதுவும் கஸ்டமருக்கு குடுக்கற அதே லாகின்.

அஞ்சாவது மாசம் அவருக்கு வெளிநாட்டுல வேல கெடச்சு போயிட்டாரு, சர்வர் காசு கட்டல, நாலு நாள் சைட்டே வரல. பதினோரு கஸ்டமர், பதினோரு பேரும் ஃபோன். ஆள புடிச்சப்ப, கோட ஒப்படைக்க தனியா 60,000 ஆகும்னாரு. வக்கீல் கிட்ட போனேன். அவரு சொன்னத அப்படியே எழுதறேன், இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் இலக்கியப் படைப்பு மாதிரிதான். சம்பளத்துக்கு வச்ச ஆளு வேலையில எழுதுனா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் உரிமை முதலாளிக்கு. ஆனா காசு குடுத்து வெளி ஆளக் கூப்பிட்டு எழுதச் சொன்னா, எழுதுனவருக்குத்தான் உரிமை. அத நம்ம பேருக்கு மாத்தணும்னா கையெழுத்துப் போட்ட எழுத்து வேணும். அதுலயும் எத்தன வருசத்துக்குன்னு எழுதலன்னா அஞ்சு வருசம்னு எடுத்துக்குவாங்க, எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்.

எங்கிட்ட இருந்தது வாட்ஸப்ல ஒரு தம்ஸ் அப்.

60,000 குடுக்கல. ஷீட் பேக்கப் எங்கிட்ட இருந்துச்சு, மறுபடி ஆப்ஷீட்டுக்கே போனேன், ரெண்டு கஸ்டமர் போயிட்டாங்க.

இப்ப யாரு கேட்டாலும் இதத்தான் மொதல்ல சொல்றேன்: டொமைன், சர்வர், கோடு வைக்கற கிட்ஹப் அக்கவுண்ட், ஆன்லைன்ல காசு வாங்கற பேமென்ட் கேட்வே, எல்லாம் உங்க ஈமெயில்ல, உங்க ஃபோன் நம்பர்ல. டெவலப்பர உள்ள சேத்துக்கங்க, அவரு வீட்டுக்குள்ள நீங்க குடி போகாதீங்க.

அப்ப நல்ல டெவலப்பர எப்படி கண்டுபுடிக்கறது? அவரு எழுதறது சரியா தப்பான்னு நமக்கு தெரியாதே?

தெரியாதுதான். ஆனா டெய்லர் தைக்கறத பாக்கத் தெரியாட்டியும் ஜாக்கெட் கையில இறுக்குதான்னு போட்டுப் பாத்தா தெரியும்ல.

நான் இப்ப பண்றது, பெரிய வேலையா குடுக்காம ஒரே ஒரு ஸ்க்ரீன் வேலைய காசு குடுத்து செய்யச் சொல்லுவேன். அத எப்படி செஞ்சாருன்னு பாக்கறத விட, செய்யறதுக்கு முன்னாடி எத்தன கேள்வி கேட்டாருன்னு பாப்பேன். "சரிக்கா முடிச்சரலாங்க்கா"ன்னு உடனே சொல்றவரு எனக்கு வேண்டாம். இப்ப கூட இருக்கற தம்பி கோயமுத்தூர்ல படிச்சவரு, மொத நாளே "அக்கா, டிசில 100 பீஸ் போட்டு 103 திரும்பி வந்தா என்ன பண்ணணும்"னு கேட்டாரு. அப்படி வருமான்னு கேட்டா வரும்ங்க, பண்டில் மாறி அடுத்தவன் பீஸ் கலந்து வரும். கேட்டதுமே வேலைக்கு சேத்துட்டேன்.

அப்பறம் வாரா வாரம் வெள்ளிக்கெழம, என் ஃபோன்ல, என் டேட்டால, நானே தொட்டுப் பாக்கணும், அவரு லேப்டாப்ல அவரு காட்டறது கணக்குல வராது. காசும் வேலைக்கேத்த மாதிரி துண்டு துண்டாத்தான்.

என்ன வேணும்னு டெவலப்பருக்கு எப்படி சொல்றது? டாக்குமென்ட் எழுதணுமா?

மொதல் டெவலப்பர் விசயத்துல நான் ஏமாந்தேன்னு சொன்னேன்ல, அதுல பாதி தப்பு என் பேர்லதான், அது இதுதான். நான் அவருக்கு சொன்னது: "நம்ம அனுப்புவோம், அவங்க வேல முடிச்சு திருப்பி அனுப்புவாங்க." அவரும் அப்படியே கட்டிட்டாரு, போனது ஒரு டேபிள், வந்தது ஒரு டேபிள். ஆனா நிஜத்துல நிட்டிங் முடிஞ்ச துணி நம்ம எடத்துக்கு வரவே வராது, அங்கிருந்து நேரா சாயப்பட்டறைக்கு போயிடும். வண்டி வாடக ரெண்டு தடவ யாரு குடுக்கறது? நிட்டிங்காரர் 500 கிலோன்னு அனுப்புவாரு, சாயம் போட்டு வரும்போது 478 கிலோ. ப்ராசஸ் லாஸ் இவ்ளோன்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, சாயத்துக்கு சாயம் அது மாறும், அதுக்கு மேல கொறஞ்சா பில்லுல புடிப்பாங்க. ஜிஎஸ்டிலயே ஒரு ஜாப் ஒர்க்கர்கிட்ட இருந்து இன்னொரு ஜாப் ஒர்க்கருக்கு நேரா அனுப்ப வழி இருக்கு.

இத நான் ஏன் சொல்லல? தெரியாமயா? ஒம்போது வருசமா தினம் பாத்தது, இதக்கூடவா சொல்லணும்னு நெனச்சுட்டேன். திருப்பூர்ல ஆட்டோக்காரருக்குக் கூட தெரியும். ஆனா அந்த டெவலப்பர் திருப்பூர் இல்ல. சாஃப்ட்வேர பாதி இடிச்சுட்டு திருப்பிக் கட்ட வேண்டி வந்துச்சு.

அதனால டாக்குமென்ட் எல்லாம் பெருசா வேண்டாம், நோட்டுல கதையா எழுதுங்க. "முருகேசன் திங்கக்கெழம 20 பை நூல் அனுப்பறாரு. புதன்கெழம அதுல 12 பைக்கு மட்டும் துணி வருது. ஒரு பை நூல் சரியில்லன்னு திரும்புது." இப்படி நெசமா நடந்த பத்துப் பதினஞ்சு சம்பவம், கோக்குமாக்கா நடந்ததா பாத்து எடுங்க, ஒழுங்கா நடக்கறது யாரு வேணா கட்டிடுவாங்க. எழுதிக் குடுத்துட்டு, "இப்ப நீங்க எனக்கு திருப்பி சொல்லுங்க தம்பி"ன்னு கேளுங்க. அவரு சொல்லும்போது நீங்க "அதில்ல, அதில்ல"ன்னு எத்தன தடவ குறுக்க பேசறீங்களோ அத்தன தப்ப அங்கயே புடிச்சாச்சுன்னு அர்த்தம்.

இப்ப ஏஐ இருக்கே, டெவலப்பரே வேண்டாமே?

இதத்தான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க. ஏஐகிட்ட வாயால சொல்லியே கோடு எழுத வைக்கறதுக்கு 2025 பிப்ரவரில ஆந்த்ரே கர்பாத்தின்னு ஒரு ஏஐ ஆராய்ச்சியாளர் 'வைப் கோடிங்'னு பேரு வச்சதுல இருந்து, தமிழ்ல பேசுனாலே ஆப் வந்துடும்னு நெனைக்கறாங்க. பாதி உண்மதான். எனக்கு 2019ல இது இருந்திருந்தா அந்த 1,40,000 மிஞ்சியிருக்கும், மாதிரி ஸ்க்ரீன் பண்ணி கஸ்டமர் கைல குடுத்து பாக்கறதுக்கு இத விட நல்ல வழி கெடையாது, நானே இப்ப அதுக்கு அதத்தான் தொடறேன்.

ஆனா அடுத்தவங்க கணக்க அதுல ஏத்தறதுக்கு முன்னாடி நாலு விசயம் நீங்களே பண்ணிப் பாருங்க, கோடிங் வேண்டாம். ரெண்டு டம்மி கம்பெனி உண்டாக்கி, ஒண்ணுல லாகின் பண்ணி ஒரு பில்ல தொறங்க, மேல அட்ரஸ்ல கடைசில 104ன்னு இருந்தா 105ன்னு மாத்தி என்டர் தட்டுங்க, அடுத்த கம்பெனி பில்லு தொறந்துச்சுன்னா மூடி வச்சுடுங்க. திருப்பூர்ல ஒருத்தரோட பீஸ் ரேட் இன்னொருத்தருக்கு தெரிஞ்சுதுன்னா அதோட உங்க கத முடிஞ்சுது. ரெண்டாவது, சேவ் பட்டன படபடன்னு ரெண்டு தடவ தட்டுங்க, ரெண்டு டிசி வுழுதான்னு பாருங்க. அப்பறம் நெட்ட அமத்திட்டு சேவ் பண்ணிப் பாருங்க. கடைசியா, பேக்கப் இருக்குன்னு சொல்றாங்கல்ல, அத வேற எடத்துல தொறந்து காட்டச் சொல்லுங்க, எடுக்கற பேக்கப் எல்லாம் தொறக்கும்னு நெனச்சுக்காதீங்க.

இந்த நாலுல ஏதாவது ஒண்ணுல மாட்டும். மாட்டும்போது சரி பண்ண ஒரு மனுசன் வேணும். முழு நேரம் வேண்டாம், மாசம் பத்து மணி நேரம் பாத்துக் குடுக்கற ஆளாவது.

கோடிங் கத்துக்கவே வேண்டாமா?

ரெண்டு மாசம் எஸ்க்யூஎல் மட்டும் கத்துக்கங்க, சாஃப்ட்வேர்ல சேந்திருக்கற டேட்டால இருந்து வேணுங்கறத கேட்டு எடுக்கற மொழி அது. எக்செல்ல வி-லுக்அப் ஃபார்முலா போடறவங்களுக்கு அது ஒண்ணும் பெருசு இல்ல. யாரு போன மாசம் லாகினே பண்ணல, எந்த ஸ்க்ரீன ஒருத்தரும் தொடறதில்ல, இதெல்லாம் தம்பிகிட்ட கேக்காம நானே எடுத்துப் பாத்துக்கறேன். அதுக்கு மேல நான் போகல, வயசும் ஆச்சு.

கைக்காசு எவ்ளோ வேணும்? உங்களுக்கு எவ்ளோ ஆச்சு?

ரெண்டு லட்ச ரூபா சீட்டு எடுத்து வச்சிருந்தேன். அதுல 1,40,000 போன கத மேல இருக்கு. மீதி 60,000தான் நெசமான மொதலீடு, அதுக்கப்பறம் கஸ்டமர் குடுக்கற காசுலதான் எல்லாமே. வேலைய 2021 வரைக்கும் விடல, அப்ப சம்பளம் 22,000. 2020 மார்ச்சுல லாக்டவுன் போட்டப்ப யூனிட் எல்லாம் மூடி மூணு மாசம் ஒரு ரூபா வரல, வேலைய விட்டிருந்தா அன்னைக்கே இத இழுத்து மூடியிருப்பேன். சாஃப்ட்வேர்ல வர்றது சம்பளத்த தொட்டு ஆறு மாசம் விடாம நின்னப்பறம்தான் பேப்பர் போட்டேன்.

இப்போதைக்கு 118 யூனிட், வருசத்துக்கு பன்னண்டு லட்சம் சுமாரா வருது. மாசக் கணக்குல ஒரு லட்சம்னு வச்சுக்கங்க, அதுல தம்பிக்கு 35,000, சப்போர்ட் பாக்கற பையனுக்கு 15,000, சர்வர் மெசேஜ் செலவு 6,000, பெட்ரோல் ஃபோன் எல்லாம் 4,000. மீதி லாபத்துல தம்பி பங்கு போக என்னுது. பேப்பர்ல வர்ற கத இல்ல இது, ஆனா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.

நகைய அடகு வச்சு பண்ணாதீங்க. மாசா மாசம் வட்டி வந்து நின்னா, வேண்டாத கஸ்டமருக்கும் தலையாட்டுவீங்க.

முதலீட்டாளர் கிட்ட போனா வேகமா வளரலாமே?

வளரலாம், சில தொழிலுக்கு வேணும்தான். என் தொழிலுக்கு வேண்டாம், திருப்பூர்ல இருக்கற மொத்த யூனிட்டும் வாங்குனாலும் முதலீட்டாளர் எதிர்பாக்கற அளவுக்கு வராது. கஸ்டமருக்கு மொத்தமா ஈமெயில் அனுப்பற மெயில்சிம்ப்ங்கற சாஃப்ட்வேர, 2001ல ஒரு வெப் டிசைன் கம்பெனியோட சைடு வேலையா ஆரம்பிச்சு, வெளிப்பணம் இல்லாம இருபது வருசம் ஓட்டி, 2021ல இன்ட்யூட்ங்கற கம்பெனி சுமாரா 1,200 கோடி டாலருக்கு வாங்குனாங்க. அது லட்சத்துல ஒண்ணு, அதப் பாத்து கனவு காணாதீங்க, ஆனா வெளிப்பணம் இல்லன்னா வளரவே முடியாதுங்கறது பொய்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க.

டெக்னிக்கல் பார்ட்னர் சேத்துக்கலாமா? பங்கு எவ்ளோ குடுக்கறது?

சேத்துக்கலாம், ஆனா பங்க மொத நாளே கைல குடுக்காதீங்க. பொதுவா நாலு வருசத்துக்கு பிரிச்சு எழுதுவாங்க, மொத வருசம் முழுசா முடிச்சாத்தான் கால் பங்கு, அப்பறம் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா. எட்டு மாசத்துல போயிட்டா ஒண்ணும் இல்ல. கேட்டா மூஞ்சி சுளிப்பாங்கன்னு பயந்துட்டு பாதிக்குப் பாதி எழுதிக் குடுத்த ஒருத்தர எனக்குத் தெரியும், பார்ட்னர் இப்ப வேற கம்பெனில வேல பாக்கறாரு, இவரு லாபத்துல பாதிய இன்னும் எண்ணிக் குடுக்கறாரு. எங்க தம்பிக்கு சம்பளமும் லாபத்துல ஒரு பங்கும். பங்கு பத்திரம் இன்னும் எழுதல, ரெண்டு பேருக்கும் இப்படியே சரியா இருக்கு.

வில எப்படி வச்சீங்க?

மொதல்ல வெளிநாட்டு சாஃப்ட்வேர் பாத்து யூசருக்கு 150 ரூபான்னு வச்சேன். போய் பாத்தா ஒரே பாஸ்வேர்ட ஆறு பேரு வச்சிருக்காங்க, காலண்டர்ல பேனால எழுதி செவுத்துல மாட்டியிருக்கு. சிரிக்கறதா அழுகறதா. அதுக்கப்பறம் யூனிட்டுக்கு மாசம் 900, வருசமா கட்டுனா 9,900, எத்தன பேரு வேணா தொட்டுக்கங்கன்னு மாத்திட்டேன். ஆட்டோ டெபிட்ல 15,000 ரூபா வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடிபி இல்லாம எடுக்க ரிசர்வ் பேங்க் விடுது, சாஃப்ட்வேர் பில்லு எல்லாம் அதுக்குள்ளதான் வரும், ஆனா எங்க ஊருல ஓனருங்க அவங்க அக்கவுண்ட்ல இருந்து தானா காசு போறத ஒத்துக்கவே மாட்டாங்க. அதான் வருச பணம். தீபாவளி போனஸ் குடுக்கற மாசத்துல போய் நிக்காதீங்க, அவ்ளோதான் டிப்ஸு.

"பாக்கலாங்க"ன்னு சொல்றாங்க, வாங்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

கொங்கு நாட்டுல "பாக்கலாங்க"ன்னா இல்லன்னு அர்த்தம். மரியாதையா சொல்றாங்க. "நல்லா இருக்குதுங்க அம்மணி, காப்பி குடிங்க"ன்னா அத விட உறுதியான "இல்ல". மொத ரெண்டு வருசம் இத நம்பி திரும்பத் திரும்ப போயி பெட்ரோல் செலவழிச்சேன். ஃப்ரீயா மூணு மாசம் குடுத்தும் பாத்தேன், ஃப்ரீயா வாங்குனவங்க ஒருத்தர் கூட ஒழுங்கா என்ட்ரி போடல, போடாததால லிஸ்ட் தப்பா வந்துச்சு, லிஸ்ட் தப்பா வந்ததால சாஃப்ட்வேர் சரியில்லன்னு வெளிய சொன்னாங்க. இப்ப ஃப்ரீ கெடையாது. 1,000 ரூபா அட்வான்ஸ், ஒரு மாசத்துல புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுவேன். 1,000 குடுத்தவரு மேனேஜர கூப்பிட்டு "இதுல ஏத்தறியா இல்லியா"ன்னு கேப்பாரு, அதுதான் எனக்கு வேணும்.

கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணணுமா? ஜிஎஸ்டி?

தனி ஆளா ஆரம்பிக்க ப்ரொப்ரைட்டர்ஷிப்பே போதும், கரன்ட் அக்கவுண்ட் ஒண்ணு. சிறு தொழிலுக்கான உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் கவர்மென்ட் சைட்ல இலவசம், கூகுள்ல தேடுனா மேல வர்ற பல சைட் அதே வேலைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் புடுங்கும், பாத்து. சேவைத் தொழிலுக்கு தமிழ்நாட்டுல வருசம் 20 லட்சம் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி கட்டாயம். நான் தாண்டல, ஆனாலும் மூணாவது வருசமே எடுத்துட்டேன், ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டியோட ஆடிட்டர் ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்ல வாங்க மாட்டேன்னுட்டாரு. எடுத்துட்டா மொத ரூபாயில இருந்து 18 சதவீதம் போடணும், பில்லே இல்லாத மாசமும் ரிட்டர்ன் போடணும். பார்ட்னர் வர்றப்ப எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் எல்லாம் யோசிக்கலாம்.

உத்யம்ல இருந்தா, வாங்குனவங்க 45 நாளுக்குள்ள காசு குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் இருக்கு, தாண்டுனா பேங்க் ரேட்ட விட மூணு மடங்கு வட்டி. நல்ல சட்டம். நான் ஒரு தடவ கூட அதச் சொல்லி காசு கேட்டதில்ல, கேட்டா அதோட அந்த வீதியிலயே விக்க முடியாது.

யாராச்சும் காப்பி அடிச்சா?

அடிச்சாங்க. ஸ்க்ரீன் கலர் கூட மாத்தல. நிட்டிங்ல இருந்து நேரா சாயப்பட்டறைக்கு போற சரக்குக்கு அவங்ககிட்ட வழி இல்ல, எட்டு மாசத்துல நின்னு போச்சு.

சப்போர்ட் எப்படி சமாளிக்கறீங்க? ராத்திரி எல்லாம் ஃபோன் வருமா?

வரும். சனிக்கெழம ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் அடுப்புல என்ன வச்சிருந்தாலும் கருகும். போன வருசம் ஒருத்தர், "ஏனுங்க அம்மணி, உங்க சாஃப்ட்வேர் படுத்துக்கிச்சு, இங்க நாப்பது பேரு கூலிக்கு நிக்கறாங்க"ன்னு கத்துனாரு. ஸ்கூட்டிய எடுத்துட்டு அங்கேரிபாளையம் போனேன், பாத்தா பிரின்டர்ல பேப்பர் இல்ல. ஒண்ணும் பேசாம பேப்பர் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். அவரு அப்பறம் மூணு பேர அனுப்புனாரு.

வார நாள் ஃபோன சப்போர்ட் பையன் பாத்துக்கறான். சனிக்கெழம ஃபோன் மட்டும் இன்னும் எங்கிட்டதான், தம்பி எத்தனையோ தடவ கேட்டாரு, குடுக்கல. போன மாசம் ஒரு செக்கிங் யூனிட் அக்கா பேசுச்சு, அவங்ககிட்ட புதுசா வந்த பொண்ணு ஒடிசா, தமிழும் தெரியாது இங்கிலீசும் படிக்க வராது, சைஸ மாத்தி மாத்தி போட்டுடுதாம். "சைஸுக்கு ஒரு கலரு போட்டுக் குடுங்க, கலரப் பாத்து போட்டுக்குவா"ன்னுச்சு. புதன்கெழமையே போட்டுட்டோம், எம்முக்கு பச்ச, எல்லுக்கு மஞ்ச. இப்ப 118 யூனிட்லயும் அதே கலர்தான் ஓடுது.